க ரி ஸ ஸ: ஷூமனின் பியானோ கான்செர்ட்டோவை எங்கே பிடிப்பது

ஆர்க்கெஸ்ட்ரா ஓங்கி ஒரே ஒரு அடி அடிக்கும். அது ஓய்வதற்குள் பியானோ உச்சியிலிருந்து தடதடவென்று கீழே இறங்கி வரும், மாடிப்படியில் யாரோ பித்தளைக் குடத்தை உருட்டிவிட்டது போல. மொத்தம் ஐந்தாறு நொடிதான். ‘சரி, பெரிய சண்டை ஒன்று ஆரம்பமாகப் போகிறது’ என்று நாம் நிமிர்ந்து உட்காருவோம். சண்டை எதுவும் வராது. ஓபோ என்ற மெலிந்த குழல் வாத்தியம், பக்கத்தில் இருக்கும் சில ஊதுவாத்தியங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு மெட்டைப் பாடும். அது முடிந்ததும் பியானோ அதே மெட்டை இன்னும் தணிந்த குரலில் திருப்பிச் சொல்லும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோ இப்படித்தான் தொடங்குகிறது. ஏ மைனர் என்றால் ஏ என்ற ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்ட, கொஞ்சம் சோகச் சாயலுள்ள ஸ்வர வரிசை. இதை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவ்வளவு ஆர்ப்பாட்டமாக உள்ளே வந்த பியானோ ஏன் திடீரென்று அடங்கிவிட்டது என்று புரியவில்லை. அந்த அடக்கம்தான் இந்த இசையின் குணம் என்பது பிடிபட நாலைந்து தடவை கேட்க வேண்டியிருந்தது. மேற்கத்திய சாஸ்திரிய இசையை அதிகம் கேட்டிராதவர்கள் அந்த நாலைந்து தடவையை ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்ளலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், கான்செர்ட்டோ என்றால் என்ன? ஒரு தனி வாத்தியம், அதோடு ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டும் சேர்ந்து வாசிக்க எழுதப்பட்ட பெரிய படைப்பு. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். அவற்றை மூவ்மென்ட் என்பார்கள். முதலாவது வேகம், நடுவில் இருப்பது நிதானம், கடைசி மறுபடியும் வேகம். இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவையானது. இதன் லத்தீன் வேருக்குப் போட்டியிடுவது என்று பொருள். இத்தாலிய மொழிக்கு வந்தபோது அதே சொல் ஒத்துப்போவது என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. போட்டியா, ஒற்றுமையா? கான்செர்ட்டோ எழுதிய ஒவ்வொருவரும் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். ஷூமன் எந்தப் பக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம்.

மோட்சார்ட் காலத்தில், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முக்கியமான மெட்டுகளை ஆர்க்கெஸ்ட்ராதான் முதலில் வாசித்துக் காட்டும். பியானோக்காரர் அதுவரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகுதான் அவர் முறை. ரொமான்டிக் காலம் பிறந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே போய்விடவில்லை. 1830இல் ஷோப்பான் எழுதிய ஈ மைனர் கான்செர்ட்டோவை முழுதாக, வெட்டாமல் வாசித்தால், பியானோ வாய் திறக்க ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும்.

ரொமான்டிக் காலம் என்று நான் சொல்வது தோராயமாக 1820களிலிருந்து அந்த நூற்றாண்டின் முடிவு வரை. பெயரைப் பார்த்துக் காதல் பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். காதலும் அதில் உண்டு. ஆனால் இலக்கணத்தைவிட உணர்ச்சிக்கு முதலிடம், தனிமனிதரின் உள்மனதுக்கு மரியாதை, கனவு, இரவு, காடு, ஏக்கம் என்று அதன் பரப்பு பெரிது. அதே காலத்தில் பியானோவும் வளர்ந்தது. மரச் சட்டத்துக்கு இரும்பு வலுச் சேர்த்தது, கம்பிகளை இன்னும் இறுக்கிக் கட்ட முடிந்தது, ஒலி பெரிதானது. கூடவே ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பியானோ சூரர்களும் பெருகினார்கள். கால்க்பிரென்னர், ஹெர்ஸ், தால்பெர்க் என்று ஒரு பட்டாளமே உண்டு. அவர்கள் காலத்துக் கான்செர்ட்டோக்களில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பெரிய வேலை கிடையாது. பியானோ வித்தை காட்டும். ஆர்க்கெஸ்ட்ரா நடுநடுவே ‘ஆமாம் சாமி’ போடும்.

ஷூமனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் இசையமைப்பாளர் மட்டுமல்ல, விமர்சகரும்கூட. 1834இல் லைப்சிக் நகரில் நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைப் பத்திரிகை தொடங்கி, பத்தாண்டுகள் அதில் ஓயாமல் எழுதினார். பியானோவையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் புதிதாக எப்படி இணைப்பது என்று காட்ட ஒரு மேதை வர வேண்டும் என 1839இல் அந்தப் பத்திரிகையில் எழுதியவரும் அவர்தான். அதே ஆண்டு வியன்னாவிலிருந்து தன் காதலி கிளாராவுக்கு எழுதிய கடிதத்தில், வித்தைக்காரர்களுக்கான கான்செர்ட்டோ தன்னால் எழுத முடியாது, வேறு ஏதாவதுதான் யோசிக்க வேண்டும் என்கிறார். சிம்பொனியும் (ஆர்க்கெஸ்ட்ராவுக்கான பெரிய படைப்பு) கான்செர்ட்டோவும் பெரிய சொனாட்டாவும் (பெரும்பாலும் ஓரிரு வாத்தியங்களுக்கான படைப்பு) கலந்த ஒன்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவரே இளம் வயதில் பியானோ சூரராக ஆசைப்பட்டவர்தான். வலது கையில் ஏற்பட்ட கோளாறு அந்த ஆசையை முடித்து வைத்தது.

கிளாராவைப் பற்றிச் சொல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேசவே முடியாது. சிறு வயதிலேயே ஐரோப்பாவில் பெயர் பெற்ற பியானோ கலைஞர் அவர். பதினாறு வயதில் தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை 1835 நவம்பரில் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தார். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசையமைப்பாளர் மென்டல்சன். அதுவும் ஏ மைனர்தான். அதன் நடுப்பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு செல்லோவையும் (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியம்) பியானோவையும் மட்டும் பேச விட்டிருப்பார். செல்லோ விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கிளாராவின் அப்பா ஃபிரீட்ரிக் வீக் ஷூமனுக்கும் பியானோ ஆசிரியர். மாணவன் மாப்பிள்ளையாக வருவதை அவர் துளியும் விரும்பவில்லை. விஷயம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 1840 செப்டம்பர் 12 அன்று கல்யாணம் நடந்தது. மறுநாள் கிளாராவுக்கு 21 வயது பூர்த்தி. ஒரு நாள் பொறுத்திருந்தால் அப்பாவின் சம்மதமே தேவைப்பட்டிருக்காது. வழக்கில் வென்றவர்கள் அந்த ஒரு நாளையும் விட்டுத்தர மனமில்லாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டு, 1841 மே மாதத்தில், ஷூமன் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு ஃபேன்டசி, அதாவது வடிவக் கட்டுப்பாடு அதிகமில்லாத ஒரு படைப்பு, எழுதினார். ஒரே பகுதி, கால் மணி நேரம். ஆகஸ்ட் 13 அன்று கெவாண்ட்ஹவுஸில் நடந்த ஓர் ஒத்திகையில் கிளாரா அதை வாசித்துப் பார்த்தார். அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. செப்டம்பர் 1இல் மூத்த மகள் மாரி பிறந்தாள். பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றோடொன்று நெய்யப்பட்டது போல இருக்கின்றன, ஒன்றில்லாமல் மற்றதை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று கிளாரா தன் நாட்குறிப்பில் எழுதினார். பதிப்பாளர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றைப் பகுதி மட்டும் உள்ள ஃபேன்டசி விலைபோகாது என்று கைவிரித்துவிட்டார்கள். நாலு வருடம் அது அலமாரியில் கிடந்தது.

அந்த ஃபேன்டசிதான் இன்றைய கான்செர்ட்டோவின் முதல் பகுதி.

சரி, இப்போது மெட்டுக்கு வருவோம். ஓபோ பாடும் அந்த மெட்டின் தலையில் நான்கு ஸ்வரங்கள் உள்ளன. மேற்கத்தியப் பெயரில் சி, பி, ஏ, ஏ. ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நமக்கு அது க ரி ஸ ஸ. காந்தாரம் சாதாரண காந்தாரம், ரிஷபம் சதுஸ்ருதி. வாய்விட்டு ஒரு முறை பாடிப் பாருங்கள்: மேலிருந்து இரண்டு படி இறங்கி, கடைசிப் படியில் ஒரு முறை கூடுதலாகத் தட்டி நிற்கும். பெருமூச்சு போல இருக்கும். அவ்வளவுதான் மூலதனம். இந்த நான்கு ஸ்வரத்தைக் காது பிடித்துக்கொண்டால் கான்செர்ட்டோவின் பாதி கைக்குள் வந்துவிட்டது என்பேன்.

இதில் ஒரு குட்டி ரகசியமும் உண்டு. ஜெர்மன்காரர்கள் பி ஸ்வரத்தை ஹெச் என்று அழைப்பார்கள். ஆக, அவர்கள் எழுத்தில் இந்த மெட்டு சி, ஹெச், ஏ, ஏ. கிளாரா என்ற பெயரின் இத்தாலிய வடிவம் கியாரா. அந்தப் பெயரில் இசைக்கு உதவாத எழுத்துகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது சி, ஹெச், ஏ, ஏ. தற்செயல் என்று ஒதுக்கலாம்தான். ஆனால் ஷூமனுக்கு இந்த விளையாட்டில் பழைய மோகம். அவருடைய முதல் படைப்பே அபெக் என்ற பெயரின் எழுத்துகளை ஸ்வரமாக்கி எழுதியது. இன்னொரு பியானோ தொகுப்பில் கிளாராவைக் குறிக்கும் துணுக்குக்கு ‘கியாரினா’ என்று பெயர் வைத்தவர். எனக்குச் சந்தேகமில்லை, இது கிளாராவேதான்.

முதல் பகுதியின் தலைப்பில் வேகக் குறிப்பாக அலெக்ரோ அஃபெட்டுவோசோ என்று இருக்கும். அலெக்ரோ என்றால் துரிதம். அஃபெட்டுவோசோ என்றால் அன்போடு, பரிவோடு. கான்செர்ட்டோவின் முதல் பகுதிக்குக் கம்பீரமாக என்றோ வீறுடன் என்றோ எழுதுவதுதான் அந்தக் கால வழக்கம். பரிவோடு என்று எழுதியவர் அபூர்வம்.

இரண்டு மூன்று நிமிடம் கேட்டதும் அதே மெட்டு மறுபடி வரும், ஆனால் வெயில் பட்டது போல வெளிச்சமாக. மைனரில் இருந்தது மேஜருக்கு மாறியிருக்கும். நம் காதுக்குச் சொன்னால் சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து உட்கார்ந்திருக்கும். கீரவாணிச் சாயலில் இருந்தது சங்கராபரணச் சாயலுக்கு வந்துவிட்டது. ஷட்ஜமும் ஏ-யிலிருந்து சி-க்கு நகர்ந்திருக்கும். நம் கச்சேரியில் சுருதிப் பெட்டி நகராது; மேற்கத்திய இசையில் ஷட்ஜமே வீடு மாறிக்கொண்டிருக்கும், அந்த இடப்பெயர்ச்சியில்தான் அவர்கள் கதை சொல்கிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஓர் இடத்தில் நிற்காத மாதிரி தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணமாக இரண்டாவது மெட்டு ஒன்று புதிதாக வர வேண்டிய இடம் இது. ஷூமன் புதிது தரவில்லை. முதல் மெட்டுக்கே வேறு சட்டை போட்டு அனுப்பிவிட்டார். இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். கிளாரினெட் என்ற இன்னொரு குழல் வாத்தியம் மெட்டைப் பாடும். பியானோ அதன் அடியில் அலையடித்துக்கொண்டு கிடக்கும். கதாநாயகன் பக்கவாத்தியம் வாசிக்கிறான்! வித்தை காட்டும் கான்செர்ட்டோக்களில் வளர்ந்த அந்தக் கால ரசிகர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் வருகிறது என் மனதுக்கு மிகவும் பிடித்த இடம். ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி எல்லாம் அடங்கி, வேகம் பாதியாகக் குறையும். ஷட்ஜம் அரை ஸ்வரம் மட்டும் கீழே இறங்கி ஏ ஃபிளாட்டுக்குப் போயிருக்கும். அரை ஸ்வரம்தான், ஆனால் அந்த அசல் வீட்டிலிருந்து கேட்டால் அது வேறு கிரகம். மெட்டு முன்பு தொடங்கிய அதே சி-யில்தான் தொடங்கும். ஆனால் அடியில் தரை நகர்ந்துவிட்டதால் அந்த சி இப்போது அந்தர காந்தாரம். பழைய வார்த்தை, புதிய அர்த்தம். பியானோ ஒரு வாக்கியம் சொல்லும், கிளாரினெட் அதை வாங்கித் தொடரும், பியானோ மறுபடி. இருட்டிய அறையில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது போல. இந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தக் கான்செர்ட்டோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பேச்சு நீடிக்காது. தொடக்கத்தில் வந்த அந்த உருட்டல் சட்டென்று குறுக்கே பாயும், பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் மாறி மாறி அதை வீசிக்கொள்ளும். ஷூமன் தன் பத்திரிகையில் இரண்டு கற்பனைப் பாத்திரங்களின் பெயரில் எழுதுவார். ஃபுளோரெஸ்டான் முன்கோபி, துடிப்பானவன். யூசேபியஸ் கனவு காண்பவன், மென்மையானவன். இருவரும் தன்னுடைய இரண்டு பாதிகள் என்பது போலவே அவர்களை நடத்தினார். கனவுப் பேச்சைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உருட்டல் வரும் இந்த இடத்தில், யூசேபியஸ் பேசிக்கொண்டிருக்கும்போது ஃபுளோரெஸ்டான் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் பகுதி முடியப் போகும்போது ஆர்க்கெஸ்ட்ரா நின்று பியானோ தனியாக வாசிக்கும். கடென்ஸா என்று பெயர். மோட்சார்ட் காலத்தில் இது வாசிப்பவரின் சொந்தக் கற்பனைக்கு விடப்பட்ட இடம். ஷூமன் ஒரு ஸ்வரம் விடாமல் தானே எழுதி வைத்துவிட்டார். இங்கேயும் பட்டாசு வெடிக்காது. தனக்குத்தானே யோசிப்பது போல ஆரம்பித்து மெல்ல மெல்லச் சூடேறும். முடிந்ததும் ஆர்க்கெஸ்ட்ரா திரும்பி வந்து அதே க ரி ஸ ஸ-வை விரைவான அணிவகுப்பு நடையில் வாசிக்கும். பெருமூச்சாகத் தொடங்கிய மெட்டு, கடைசியில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறது.

இந்த இடத்தில் அரங்கில் சிலருக்குக் கை தானாகத் தட்டப் போகும். பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார், ஏனென்றால் பகுதிகளுக்கு நடுவே கைதட்டக் கூடாது என்பது இன்றைய அரங்க மரியாதை. தட்டியவர் மேல் பிழையில்லை. இங்கேதான் முடிகிறது என்று நினைத்துத்தான் ஷூமன் இதை எழுதினார்.

1844இல் கிளாராவோடு ரஷ்யாவுக்குப் பயணம் போய்வந்த பிறகு ஷூமனின் மனநலம் மோசமாகியது. அந்த ஆண்டு இறுதியில் குடும்பம் லைப்சிக்கை விட்டு டிரெஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1845இல் கொஞ்சம் தேறியதும் பழைய ஃபேன்டசியை எடுத்து இன்னும் இரண்டு பகுதிகள் சேர்த்தார். டிசம்பர் 4 அன்று டிரெஸ்டனில் அரங்கேற்றம். பியானோவில் கிளாரா, நடத்தியவர் நண்பர் ஃபெர்டினாண்ட் ஹில்லர். படைப்பை அவருக்கே காணிக்கையாக்கினார் ஷூமன். ஓபஸ் 54, அதாவது அவருடைய படைப்பு வரிசையில் 54ஆம் எண், என்று 1846இல் அச்சானது.

நடுப்பகுதிக்கு இன்டர்மெட்ஸோ என்று பெயர் வைத்திருக்கிறார். இடைவேளைத் துணுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் ஐந்து நிமிடத்துச் சொச்சம். பியானோ ஒரு சின்னச் சொல் சொல்லும், வயலின்கள் ஒரு சின்னச் சொல் பதில் சொல்லும். முழு வாக்கியமே வராது, பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சமையலறையில் பேசிக்கொள்வது போல. பிறகு நடுவில் செல்லோக்கள் எழுந்து அகலமான ஒரு பாட்டைப் பாடும். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தச் செல்லோ. பத்து வருடத்துக்கு முன் கிளாரா தன் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியில் வைத்த அதே வாத்தியம். கிளாரா அங்கே ஒரு செல்லோவுக்குக் கொடுத்த பாட்டை, ஷூமன் இங்கே ஒரு வரிசைக்கே கொடுக்கிறார்.

இந்தப் பகுதியின் முடிவில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் ஓய்ந்துவரும்போது ஊதுவாத்தியங்கள் அந்த க ரி ஸ ஸ-வை ஒரு முறை மேஜரில் நினைவுபடுத்தும். பிறகு அதையே மைனரில். எந்த வழி என்று தெரியாமல் முச்சந்தியில் நிற்கிற மாதிரி ஒரு கணம். அடுத்த நொடி தந்தி வாத்தியங்கள் மேல்நோக்கி ஓட, இடைவெளியே இல்லாமல் மூன்றாம் பகுதி வந்து விழும், மேஜரில். இருமுவதற்கு இடைவேளை வரும் என்று காத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

மூன்றாம் பகுதி ஒரே குதூகலம். இதில் விளக்க வேண்டியது ஒன்றுதான்: தாளம். எழுதியிருப்பது மூன்றடித் தாளம். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஓரிடத்தில் தந்தி வாத்தியங்கள் ரகசியம் பேசுவது போல, விட்டு விட்டு ஒரு புது மெட்டை வாசிக்கும். உங்கள் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தால் அங்கே இடறும். காரணம், இரண்டு தாளக் கட்டங்களில் உள்ள ஆறு அடிகளை மூன்று மூன்றாகப் பிரிக்காமல் இரண்டு இரண்டாகப் பிரித்துவிட்டார் ஷூமன். மெட்டு அவசரமில்லாமல் பெரிய மூன்றடியில் நடக்கும். நடத்துநரின் கோல் மட்டும் சின்ன மூன்றடியில் அடித்துக்கொண்டிருக்கும். மேசையில் தட்டிப் பாருங்கள்: வலது கையால் ஆறு அடி சீராக, இடது கையால் முதலில் ஒன்றாம் அடி, நான்காம் அடி, அடுத்த சுற்றில் ஒன்று, மூன்று, ஐந்து. இந்த மாற்றம்தான் விஷயம். ஹெமியோலா என்பார்கள். தாளத்தில் ஊறிய நமக்கு இது பெரிய கணக்கில்லை, ஆனால் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரு கோலைப் பார்த்து வாசிக்கும்போது கொஞ்சம் அசந்தால் கவிழ்ந்துவிடும். ஒத்திகைகளில் அதிக நேரம் தின்னும் இடம் இது.

நார்வேக்காரரான எட்வர்ட் கிரீக், லைப்சிக்கில் மாணவராக இருந்தபோது, கிளாரா இந்தக் கான்செர்ட்டோவை வாசிக்கக் கேட்டார். 1868இல் அவர் எழுதிய பியானோ கான்செர்ட்டோவும் ஏ மைனர். தொடக்கத்தில் டிம்பனி என்ற பெரிய முரசு உருள, பியானோ மேலிருந்து கீழே சரிந்து வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் உறவு உடனே தெரியும். இசைத்தட்டுகளில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விற்பது வாடிக்கையாகிப்போனதற்கும் அது ஒரு காரணம்.

எந்தப் பதிவைக் கேட்பது? ருமேனியரான டினு லிபட்டி 1948இல் நடத்துநர் காராயான் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த லண்டனில் பதிவுசெய்தது பழைய ஒலிதான், கொஞ்சம் இரைச்சல் இருக்கும். ஆனால் அந்த ஏ ஃபிளாட் இடத்தில் அவர் விரல் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். 33 வயதில், 1950இல் இறந்துபோனார். தெளிவான ஒலிதான் வேண்டும் என்றால் பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச். அவரிடம் ஃபுளோரெஸ்டான் ஒரு பிடி தூக்கல். முதலில் முழு அரை மணி நேரத்துக்கு உட்கார வேண்டாம். முதல் பகுதியை மட்டும் போட்டு, க ரி ஸ ஸ எத்தனை முறை எந்த வேஷத்தில் வருகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். நான் எண்ணும்போதெல்லாம் ஏ ஃபிளாட் வந்ததும் எண்ணிக்கை தவறிவிடுகிறது.